சனிக்கிழமை இரவு, ஹொக்கி, ஒரு தட்டு ரோல்ஸ்

ரொறன்ரோ நகரின் நடுவே கார்ல்ரன் வீதியும் சேர்ச் வீதியும் சந்திக்கிற மூலையில் மஞ்சள் செங்கல்லால் கட்டிய பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. உள்ளே போனால் மரக்கறி, பால், பாண் எல்லாம் விற்கிற பெரிய கடை. சாமான் தட்டுகளுக்கு நடுவே நிலத்தில் ஒரு சிவப்பு வட்டம் தெரியும். புதிதாக வந்தவர்கள் அதன் மேலால் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் சிலர் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போவதை நாங்கள் கண்டிருக்கிறோம். மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்ற ஹொக்கி அரங்கின் நடுப்புள்ளி அது. 1931 இல் திறந்த அந்த அரங்கில் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணி 1999 பெப்ரவரி வரை விளையாடியது. 2011 இல் கீழ்த்தளம் கடையாக மாறியது. மேல்தளத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் பனித்தளம் இருக்கிறது.

நாங்கள் 1991 இல் வந்து இறங்கிய காலத்தில் எமது மக்கள் பலர் குடியிருந்த சென். ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் இருந்து அந்த அரங்கிற்கு அரைமணிக்குள் நடந்து போய்விடலாம். ஆட்டம் உள்ள இரவுகளில் நீலச் சட்டை போட்டவர்கள் கூட்டம் கூட்டமாகக் கார்ல்ரன் வீதியால் போவார்கள். உணவகக் குசினிகளில் வேலை முடித்து நாங்கள் எதிர்ப்பக்கமாக வந்துகொண்டிருப்போம். என்ன திருவிழாவோ என்று முதலில் நினைத்தோம். விசாரித்தால் ஹொக்கி. ரிக்கற் எடுப்பது எங்களைப் போன்றவர்களால் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். எங்களால் மட்டுமல்ல, இந்த நாட்டவரில் பெரும்பாலானவர்களாலும் முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டில் கூடியிருந்து பார்க்கிறார்கள். கனடாவில் சீ.பி.சி. தொலைக்காட்சி தொடங்கியது 1952 இல். அதே ஆண்டிலேயே சனிக்கிழமை இரவு ஹொக்கி ஒளிபரப்பும் தொடங்கிவிட்டது. அதற்கு முன்னர் வானொலியைச் சுற்றி இருந்து கேட்டார்கள். வெளியே உறைபனி, உள்ளே ஒரு பெட்டி, அதைச் சுற்றி இனசனம். இந்த நாட்டின் பனிக்காலம் நெடுகிலும் இப்படித்தான் போகிறது.

இதைப்பற்றி இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. வந்து ஒன்றிரண்டு வருடங்களே ஆன குடும்பங்கள் பலவற்றில் ஒரே விதமான குறையைக் கேட்கிறோம். "பக்கத்து வீட்டுச் சனம் நல்ல சனம்தான், சிரிக்குதுகள், வணக்கம் சொல்லுதுகள், ஆனால் கதவைத் தாண்டி ஒண்டும் இல்லை" என்கிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தக் கதவைத் திறந்தது ஹொக்கி.

எங்கள் தளத்தில் நாலு கதவு தள்ளி ஒரு வயதான தம்பதியர் இருந்தார்கள். கிழக்குக் கரையில் உள்ள நியூபவுண்லாந்தைச் சேர்ந்தவர்கள். எலிவேற்றரில் ஒருநாள் அந்த அம்மா எங்களைப் பார்த்து எந்த நாடு என்று கேட்டார். இலங்கை, தமிழர் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. 1986 ஓகஸ்ற் மாதம் 155 தமிழ் அகதிகள் உயிர்காப்புப் படகுகளில் அத்திலாந்திக்கில் மிதந்தபோது, அவர்களை ஏற்றிக் காப்பாற்றியவர்கள் நியூபவுண்லாந்து மீனவர்கள். அந்தச் செய்தி அவருடைய ஊரில் எல்லோருக்கும் தெரியும். "நீங்கள் அந்தச் சனமா?" என்று கேட்டார். அந்தப் படகில் வந்தவர்கள் நாங்கள் அல்ல என்று விளங்கப்படுத்த எங்கள் ஆங்கிலம் காணாது. தலையை ஆட்டினோம். சில கிழமைகள் கழித்துக் கதவில் தட்டி, சனிக்கிழமை ஆட்டம் பார்க்க வாருங்கள், ஒரு சாப்பாடு கொண்டு வாருங்கள் என்றார். 'பொட்லக்' என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலில் கேட்டோம்.

வீட்டில் பெரிய விவாதம். எங்களுடன் வந்து சேர்ந்திருந்த பிள்ளைகளின் அம்மம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "கூப்பிட்டுப்போட்டுச் சாப்பாட்டையும் கொண்டு வரச் சொல்லுறதோ? இது என்ன மரியாதை?" என்றார். நியாயமான கேள்விதான். விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் அடுப்பு எரியவேண்டும் என்பது எங்கள் ஊர் முறை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், ஊரிலும் எல்லா நேரமும் அப்படி இல்லை. கலியாண வீட்டுக்குப் பலகாரம் சுட அயலட்டைப் பெண்கள் எல்லோரும் கூடுவார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலவர்தான் சோறு கறி கொண்டுபோவார்கள். ஊரில் ஒரு வீட்டில் தொலைக்காட்சி இருந்தால் ஒழுங்கை முழுவதும் அந்த வீட்டு விறாந்தையில்தான் இருக்கும். 1990 இற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் நாங்கள்தானே. கூடியிருந்து பார்ப்பதும், ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து சாப்பிடுவதும் எங்களுக்குத் தெரியாத விசயங்கள் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கி அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

அம்மம்மா அந்தப் பனிக்காலம் முழுவதும் கீழே இறங்கவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஆங்கிலம் தெரியாது. எலிவேற்றருக்குப் பயம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போனால் பிள்ளையும் அவரும்தான். பல்கனிக் கண்ணாடிக்குள்ளால் கார்களை எண்ணிக்கொண்டிருப்பார். கனடாவில் தமிழர் அல்லாத ஒருவரின் வீட்டுக்குள் அவர் முதன்முதலாகக் கால் வைத்தது அந்த ஹொக்கி இரவில்தான். ஐம்பது ரோல்ஸ் சுட்டுக்கொண்டு போனார்.

அது 1993 மே 29, சனிக்கிழமை. லொஸ் ஏஞ்சல்ஸ் அணியுடன் ஏழாவது ஆட்டம். வென்றால் லீஃப்ஸ் ஸ்ரான்லிக் கிண்ண இறுதிச் சுற்றுக்குப் போகும். அணி கடைசியாகக் கிண்ணத்தை எடுத்தது 1967 இல் என்று வந்திருந்த ஒவ்வொருவரும் எங்களுக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். ஆட்டம் நடந்ததோ அந்தக் கார்ல்ரன் வீதி அரங்கில்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். அதிலேயே அம்மம்மாவுக்குப் பாதிப் பயம் தெளிந்துவிட்டது. குசினிக்குப் பக்கத்து மேசையில் ஒரு பெரிய மின்சாரச் சட்டியில் சிலி என்ற அவரையும் அரைத்த இறைச்சியும் போட்ட குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கோழிச் செட்டை, உருளைக்கிழங்குச் சாலட், பச்சையாக வெட்டி அடுக்கிய கரட்டும் செலறியும், சிப்ஸ், அப்பிள் பை. எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கள் ரோல்ஸ் தட்டுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பந்தி இல்லை, பரிமாறுவதும் இல்லை. தட்டை எடுத்து விரும்பியதைப் போட்டுக்கொண்டு கதிரையிலோ நிலத்திலோ இருக்கவேண்டியதுதான்.

எப்போது எழும்பிப் போடுவது என்பதில்தான் ஒழுங்கு இருக்கிறது. புதியவர்கள் இதைத் தெரிந்துவைத்தால் போதும். ஹொக்கி ஆட்டம் இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள். கடிகாரம் அடிக்கடி நிற்பதால் ஒவ்வொன்றும் முடிய அரை மணிக்கு மேல் போகும். நடுவில் இரண்டு இடைவேளைகள், ஒவ்வொன்றும் பதினைந்து, பதினெட்டு நிமிடம். ஆட்டம் தொடங்க முன்னர் கொறிக்கிற சாமான். முதல் இடைவேளையில் சாப்பாடு. இரண்டாவது இடைவேளையில் இனிப்பும் தேத்தண்ணியும். ஆட்டம் நடக்கும்போது தொலைக்காட்சிக்குக் குறுக்கே யாரும் நடப்பதில்லை. கோல் விழுவது கண் இமைக்கிற நேரத்தில். அந்த நேரம் பார்த்து "கொஞ்சம் கறி போடட்டோ" என்று யாரையும் கேட்கக்கூடாது. இறுதிக்கட்ட ஆட்டங்களில் சமநிலை என்றால் ஒரு அணி கோல் போடும்வரை மேலதிக நேரம் போய்க்கொண்டே இருக்கும், நள்ளிரவு தாண்டினாலும்.

ஆட்டத்தைப் புரிந்துகொள்ள மொழி வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், அதில் ஒருவர் கோல் காப்பாளர். கறுப்பு றப்பர் வட்டு ஒன்று. தவறு செய்தவனை இரண்டு நிமிடம் ஒரு பெட்டிக்குள் இருத்துகிறார்கள். அம்மம்மாவுக்கு அந்தப் பெட்டி மிகவும் பிடித்துவிட்டது. யார் உள்ளே போகிறான், எப்போது வெளியே விடுவார்கள் என்பதில்தான் கண். முதல் பகுதி முடிவதற்குள் வீட்டுக்கார அம்மாவுக்கு முன்னமே அவர் கையைத் தட்டத் தொடங்கினார்.

அந்த வீட்டில் இன்னொரு அதிசயம். வீட்டுக்காரர் சிவப்புச் சட்டை போட்டிருந்தார். அவர் மொன்றியல் அணியின் ஆதரவாளர். மொன்றியல் ஏற்கெனவே இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டது. ரொறன்ரோ வென்றால் அடுத்த கிழமை புருசனும் பெண்சாதியும் எதிரெதிர். இரவு முழுவதும் அவர் மனைவியைச் சீண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் லொஸ் ஏஞ்சல்ஸ் 5-4 என்று வென்றது. வெயின் கிறெற்ஸ்கி என்ற ஒரே ஆள் மூன்று கோல் போட்டார். அந்த அறையில் இருந்த சிலருடைய கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் எழும்பிப்போய்த் தேத்தண்ணி ஊற்றி, மனைவியிடம் முதலில் கொண்டுவந்து கொடுத்தார். மிச்ச அப்பிள் பையை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். கோப்பை கழுவினார்கள். போய்ப் படுத்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபின் அம்மம்மா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரண்டு பேரும் ரண்டு பக்கம். பிறகு ஒண்டாச் சாப்பிடினம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு பக்கம் எடுப்பது என்றால் எங்களுக்கு என்ன அர்த்தம் என்பது உங்களுக்கும் தெரியும். எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் சொல்ல முன்னர் கேட்பவன் யார் என்று பார்த்துப் பழகிய சனம் நாங்கள்.

இதன் மறுபக்கத்தை எங்கள் வீட்டிலேயே கண்டோம். 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ணக் கிறிக்கெட் இறுதியாட்டம், இலங்கையும் அவுஸ்திரேலியாவும். யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துச் சனம் முழுவதும் 1995 ஒக்ரோபர் கடைசியில் இடம்பெயர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. எங்கள் உறவுகள் தென்மராட்சியிலும் வன்னியிலும் கொட்டில்களில் இருந்தார்கள். இங்கே விடியற்காலையில் பத்துப் பதினைந்து பேர் எங்கள் வரவேற்பறையில். முரளிதரன் விளையாடுகிறார், எங்கள் பிள்ளை, அதனால் இலங்கை வெல்லவேண்டும் என்றார் ஒருவர். அந்தக் கொடிக்குக் கை தட்டுகிற வீட்டில் தண்ணீரும் குடிக்கமாட்டேன் என்றார் இன்னொருவர். விளையாட்டை விளையாட்டாகப் பார்க்கக்கூடாதோ என்று மூன்றாவது ஆள். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுத்தார், இலங்கை ஏழு விக்கெற்றால் வென்றது. அதற்கு முன்னமே இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். சுட்ட தோசை அப்படியே ஆறிக்கிடந்தது. அவர்கள் இருவரும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். பிறகு ஒருவரோடு ஒருவர் பேச ஒரு வருடம் எடுத்தது. யார் சரி, யார் பிழை என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒவ்வொருவரும் வைத்திருந்த காரணம் உண்மையான காரணம். அந்த ஆட்டத்தை வெறும் ஆட்டமாகப் பார்க்கிற நிலையில் நாங்கள் இருக்கவில்லை. 2011 இல் இந்தியாவும் இலங்கையும் இறுதியாட்டத்தில் மோதியபோதும் பல வீடுகளில் இதே கதைதான். அதனால்தான் சொல்கிறோம், அயலவரை அழைக்கிற இரவுக்குக் கிறிக்கெட் வேண்டாம். அதை எங்களுக்குள் பார்ப்போம். ஹொக்கியிலும் பேஸ்போலிலும் கூடைப்பந்திலும் எங்களுக்கு முன்பகை இல்லை. தோற்றால் கவலைப்பட்டுவிட்டு நித்திரைக்குப் போகலாம். அந்தச் சுகத்தை அனுபவிக்கிற உரிமை எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

பிள்ளைகள் என்றதும் எங்கள் மூத்தவனின் கதைக்கு வரவேண்டும். 1997 இல் ஸ்காபரோவுக்கு வீடு மாறினோம். எமது மக்கள் பெருந்தொகையாக வடகிழக்காக நகர்ந்த காலம் அது. அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் நண்பர்கள் இருந்தார்கள். ஆனால் ஒருவரையும் வீட்டுக்குக் கூட்டிவரமாட்டான். கேட்டால் ஏதாவது சாட்டுச் சொல்லுவான். ஒருநாள் அம்மம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டான்: வீட்டில் கறி மணக்கும். சட்டையில் அந்த மணம் என்று ஏற்கெனவே ஒருவன் கேலி செய்திருக்கிறான். இது எத்தனை வீட்டில் நடக்கிறது என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். பிள்ளை சொல்லாவிட்டாலும், குளிர்காலத்திலும் தன் அறை ஜன்னலைத் திறந்து வைக்கிறான் என்றால் அதுதான்.

2002 பெப்ரவரி 24, ஞாயிறு பின்னேரம், சோல்ற் லேக் சிற்றி ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹொக்கி இறுதியாட்டம், கனடாவும் அமெரிக்காவும். கனடா கடைசியாகத் தங்கம் எடுத்தது 1952 இல். மூன்று நாள் முன்னர் பெண்கள் அணி தங்கம் எடுத்திருந்தது. ஊர் முழுவதும் அதே பேச்சு. அவனுக்குப் பதின்மூன்று வயது. நாங்களே கேட்டோம், உன் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிடு, பெற்றோரும் விரும்பினால் வரட்டும், ஆளுக்கு ஒரு சாப்பாடு. இரண்டு நாள் யோசித்தான். பிறகு, "பீற்சா மட்டும்" என்றான். பீற்சாவும் எடுப்போம், அம்மம்மா ரோல்ஸ் சுடுவா, ஒருவரையும் வற்புறுத்திச் சாப்பிட வைக்கமாட்டோம் என்று உடன்படிக்கை செய்தோம். அந்தக் கடைசி நிபந்தனை அவன் போட்டது. எங்கள் ஆட்களுக்கு அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய கஷ்டம்.

ஏழு பிள்ளைகளும் நாலு பெற்றோரும் வந்தார்கள். யமேக்காத் தாய் ஒருவர் மாட்டிறைச்சிப் பற்றி கொண்டுவந்தார். பிலிப்பைன்ஸ் குடும்பம் லும்பியா என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பார்த்தால் மெல்லிய ரோல்ஸ்! அம்மம்மா அதைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார். அந்த அம்மா எங்கள் ரோல்ஸைப் பிரித்து ஆராய்ந்தார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. கையாலேயே கதைத்து முடித்தார்கள். முதல் இடைவேளையில் ரோல்ஸ் தட்டு வெறுமை. கனடா 5-2 என்று வென்றது. ஆட்டம் முடிந்தபின் ஒரு செய்தி வெளியானது. பனித்தளம் அமைத்த கனடாக்காரர் அதன் நடுப்புள்ளியில் கனடாவின் ஒரு டொலர் நாணயத்தை இரகசியமாக உறைய வைத்திருந்தாராம். மகன் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மம்மா, "நாங்கள் வீட்டுக்கு அத்திவாரக் கல்லு வைக்கேக்கை காசு போடுறேல்லையோ, அதுதான்" என்றார், இது என்ன பெரிய புதினம் என்ற தோரணையில்.

மகன் அன்று ஆட்கள் வரமுன்னர் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தான். பெப்ரவரிக் குளிரில் வீடு உறைந்தது. அடுத்த முறையும் திறந்தான். அதற்கு அடுத்த முறை மறந்துவிட்டான்.

இனி, கூப்பிட நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விசயங்கள். இருபது வருடத்துக்கு மேல் செய்து பார்த்துச் சொல்கிறோம்.

அழைக்கும்போது என்ன கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டு எழுதிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் ஐந்து பை சிப்ஸ் வந்து சேரும். வீட்டுக்காரர் ஒரு பெரிய சாப்பாடு செய்தால் போதும், மிச்சத்தை விட்டுவிடுங்கள். பத்துக் கறி சமைத்துவிட்டுக் களைத்துப்போய் ஆட்டத்தைப் பார்க்காமல் குசினியில் நிற்கிற அம்மாமாரை எங்கள் வீடுகளில் நிறையக் கண்டிருக்கிறோம். அயலவர் கூப்பிடுவது உங்களோடு இருப்பதற்கு.

உறைப்பைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். குறைத்துச் சமைத்து, சம்பலைப் பக்கத்தில் வையுங்கள். கையில் எடுத்துக் கடிக்கக்கூடியவைதான் நன்றாக ஓடும். ரோல்ஸ், கட்லற், பருப்பு வடை, தாளித்த கடலை. சோறும் குழம்பும் மடியில் வைத்துச் சாப்பிடச் சிரமம், வெளிர் நிறக் கம்பளத்துக்கும் ஆபத்து. கொத்துரொட்டி என்றால் கிண்ணத்தில் கொடுக்கலாம். ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் ஒரு சிறு துண்டில் மாடு, பன்றி, ஆடு, மரக்கறி என்று எழுதி வையுங்கள். முஸ்லிம் அயலவருக்கு ஹலாலா என்று தெரியவேண்டும், எங்களிலேயே வெள்ளிக்கிழமை மச்சம் தின்னாதவர்கள் உண்டு. கச்சான், கஜு போட்டிருந்தால் கட்டாயம் சொல்லவேண்டும். இங்கே பல பிள்ளைகளுக்கு அது உயிருக்கே ஆபத்து. மிக்சரில் கச்சான் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

ஆட்டம் மூன்று மணித்தியாலம் போகும். அதுவரை இறைச்சியும் மீனும் மேசையில் கிடக்கக்கூடாது. நாலு பாகைக்கும் அறுபது பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும் என்றும், அப்படி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைத்ததைச் சாப்பிடவேண்டாம் என்றும் இந்த நாட்டுச் சுகாதாரத்துறை சொல்கிறது. பாதி ரோல்ஸை அவணில் சூடாக வைத்திருந்து இரண்டாவது இடைவேளையில் எடுப்பது எங்கள் வழக்கம். சோற்றுக்கு றைஸ் குக்கர் இருக்கிறது.

குடிவகை அவரவர் விருப்பம். வைக்காவிட்டாலும் ஒருவரும் குறைநினைக்கமாட்டார்கள். வைத்தால் ஒன்ராறியோவில் பத்தொன்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக்கூடாது, குடித்தவரின் கார்ச் சாவியை விட்டுக்கொடுக்கவும் கூடாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்வதைவிட அவர்களையும் கூப்பிடுவது நல்லது. மேலே துள்ளுகிற காலில் ஒன்று தன்னுடையது என்றால் யாரும் முறைப்பாடு செய்யமாட்டார்கள்.

எந்த ஆட்டத்துக்கு அழைப்பது? ஹொக்கிப் பருவம் ஒக்ரோபரில் தொடங்குகிறது. இறுதிக்கட்டம் ஏப்ரலில் தொடங்கி யூன் வரை. பெப்ரவரியில் ஒரு ஞாயிறு இரவு அமெரிக்கக் கால்பந்தின் சுப்பர் போல். விளையாட்டில் அக்கறை இல்லாதவர்களும் சாப்பாட்டுக்காகவே கூடுகிற நாள் அது. ஒக்ரோபரில் பேஸ்போல் இறுதித் தொடர். 1993 ஒக்ரோபர் 23 இல் ஜோ கார்ட்டரின் கடைசி அடியோடு புளூ ஜேய்ஸ் கிண்ணத்தை வென்ற இரவை அந்தக் காலத்தவர்கள் இன்னும் கதைக்கிறார்கள். 2019 யூன் 13 இல் ராப்ரர்ஸ் கூடைப்பந்து அணி வென்றபோது நள்ளிரவில் ஸ்காபரோ வீதிகளில் கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டே போயின. ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் தலைப்பாகையோடு முன்வரிசையில் இருக்கிற நவ் பாட்டியா 1984 இல் இங்கே வந்து குடியேறியவர். அணி நிர்வாகம் வீரர்களுக்குக் கொடுத்ததுபோல் அவருக்கும் வெற்றி மோதிரம் கொடுத்தது. ஹொக்கியும் 2008 இலிருந்து பஞ்சாபியில் வர்ணனையோடு ஒளிபரப்பானது. தமிழிலும் வரும் ஒருநாள் என்று மகன் சொல்கிறான். பார்ப்போம்.

இப்போது பல ஆட்டங்களுக்குத் தனித்தனியாகக் கட்டணம் கட்டவேண்டியிருக்கிறது. ஒரு வீட்டில் ஒன்று, இன்னொரு வீட்டில் மற்றது என்று பகிர்ந்துகொள்வதும் கூடுவதற்கு ஒரு நல்ல சாட்டு.

2025 நவம்பர் 1, அதுவும் சனிக்கிழமை. புளூ ஜேய்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸுடன் ஏழாவது ஆட்டம், பதினொரு இன்னிங்ஸ். மீண்டும் லொஸ் ஏஞ்சல்ஸ், மீண்டும் 5-4, மீண்டும் எங்கள் ஊரில் வைத்தே தோல்வி. அம்மம்மா இருந்திருந்தால் அந்த ஊரைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் இருபத்தொரு பேர் இருந்தார்கள். அதில் ஒரு குடும்பம் வன்னியிலிருந்து வந்து எட்டு மாதம். பேஸ்போல் என்றால் என்ன என்றே தெரியாது. புட்டைக் குழல் குழலாக அவித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் எங்கள் குஜராத்தி அயலவர் துக்கம் தாளாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்துச் சின்னப்பெண் போய் அவர் கையில் ஒரு தட்டுப் புட்டைக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார்.

ஆட்கள் போனபின் பாத்திரங்கள் எப்போதும் மாறிவிடும். எங்கள் அலுமாரியில் இப்போது ஒரு கண்ணாடிக் கிண்ணமும் மூடியில்லாத ஒரு நீலப் பெட்டியும் இருக்கின்றன. கிண்ணம் லும்பியாக்காரருடையது. நீலப் பெட்டி யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். ஊரில் போல இங்கேயும் வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க மனம் வராது. வருகிற கிழமை கடலை அவிக்க ஊறப்போட்டிருக்கிறது.